ஆளில்லாத தீவின் ஆட்கள்

சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து தாம்பரம் வரைக்கும் சுற்றுலா ஏஜென்சிப் பலகைகளுக்குக் குறைவில்லை. எல்லாப் பலகையிலும் ஒரே படம்தான். வெள்ளை மணல், ஒரு பக்கமாகச் சாய்ந்த தென்னை, பச்சையும் நீலமுமாகத் தண்ணீர், அதில் ஒரு படகு. மாலத்தீவா, ஹேவ்லாக்கா, பாலியா என்பது கீழே இருக்கிற எழுத்தைப் படித்தால்தான் தெரியும். ஒரு படத்திலும் உள்ளூர்க்காரர் கிடையாது. அதிகம் போனால் தொப்பி வைத்த ஒரு ஜோடி இருக்கும், அதுவும் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஆள் குறையக் குறைய விலை ஏறுகிற சரக்கு கடற்கரை ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

இந்த ஆசையைக் கேலி செய்ய எனக்கு மனம் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோவளத்துக்குப் போய், வண்டி நிறுத்த இடம் தேடியே பாதிப் பொழுதைக் கழித்துவிட்டுத் திரும்புகிற தாம்பரத்துக் குடும்பத்துக்கு, யாருமே இல்லாத ஒரு கரை வேண்டும் என்று தோன்றுவது இயல்புதானே. மாதத் தவணை கட்டியாவது மாலத்தீவு போய் வருகிறார்கள். ஆனால் தாம்பரம் ஸ்டேஷனில் சாயங்காலம் ஆறு மணியை ஒட்டிக் கிளம்புகிற பாம்பன் எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால், மறுநாள் காலையிலேயே, படகில் மட்டும் போகக்கூடிய ஒரு தீவின் மணலில் நிற்கலாம். தீவின் பெயர் குருசடை. கேம்ப் ரோட்டுப் பலகை எதிலும் அது இல்லை.

இந்த ரயில் புதியது. 2025 ஏப்ரல் 6 அன்று பாம்பனில் புதிய தூக்குப்பாலம் திறந்த அதே நாளில் கொடியசைத்து விடப்பட்டது. மாயவரம், திருவாரூர், பட்டுக்கோட்டை, அறந்தாங்கி, காரைக்குடி என்று டெல்டாவைச் சுற்றிக்கொண்டு போகிறது. விடிவதற்கு முன்பே பாலத்தைக் கடந்துவிடுவதால் கடலைப் பார்க்கும் எண்ணத்தோடு ஏறியவர்களுக்கு ஏமாற்றம்தான். பக்கத்தில், 1914இல் திறந்து 2022 டிசம்பர் வரைக்கும் ஓடிய பழைய பாலம் இருட்டில் கிடந்தது. அந்தப் பாலம் வந்த பிறகு, எழும்பூரில் ஏறியவர்கள் தனுஷ்கோடி வரை ரயிலில் போய், அங்கிருந்து கப்பலில் தலைமன்னாருக்குப் போனார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போன பிறகு அந்த வழி முடிந்துவிட்டது. இன்று ராமேஸ்வரத்தில் இறங்குகிற கூட்டத்தில் பெரும்பகுதி கோயிலுக்கு. மிச்சம் தனுஷ்கோடி மணலுக்கு. குருசடைக்கென்று இறங்குகிறவர் அபூர்வம்.

ராமேஸ்வரத்திலிருந்து பஸ் பிடித்துப் பாம்பனுக்குத் திரும்பி வந்து, அங்கிருந்து குந்துகாலுக்குப் போகவேண்டும். பாம்பன் தீவின் ஒரு மூலை அது. சிகாகோ போய்ப் பேர் வாங்கிக்கொண்டு கொழும்பு, யாழ்ப்பாணம் வழியாகத் திரும்பிய விவேகானந்தர், 1897 ஜனவரி 26இல் இந்திய மண்ணில் கால்வைத்த இடம் இது. ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி காத்திருந்து வரவேற்றார். நினைவு மண்டபம் ஒன்று நிற்கிறது. மண்டபத்தைத் தாண்டினால் மீன்பிடி இறங்குதளம், டீசல் வாடை, வலை தைக்கிற ஆட்கள். வனத்துறைப் படகுக்கு இங்கேதான் டிக்கெட். ஆரஞ்சு நிற உயிர்காப்பு உடை கொடுக்கிறார்கள். பிளாஸ்டிக் பாட்டில் கூடாது, சிப்பி பொறுக்கக் கூடாது, பவளத்தை மிதிக்கக் கூடாது. எல்லாம் நியாயமான நிபந்தனைகள்.

படகு ஓட்டியவர் பாம்பன்காரர். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தண்ணீர் கலங்கிப்போகும், கண்ணாடித் தரையில் உங்கள் முகம்தான் தெரியும் என்றார். நாங்கள் போனது கச்சான் ஓய்ந்த பருவம். படகின் நடுவில் பதித்த கண்ணாடிக்குக் கீழே முதலில் கடற்புல், பிறகு மணல், பிறகு திடீரென்று பார். பவளப்பாறை என்று பாடப்புத்தகம் சொல்வதை இங்கே பார் என்றுதான் சொல்கிறார்கள். டிஸ்கவரி சேனலில் பார்த்த நிறங்களை எதிர்பார்த்து வந்தவர்கள் கொஞ்சம் சோர்ந்துதான் போனார்கள். இங்கே பவளம் பெரும்பாலும் தவிட்டு நிறம், மங்கிய பச்சை. அதுதான் ஆரோக்கியமான நிறம். பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசி கொடுக்கும் நிறம் அது. கடல் சூடேறி அந்தப் பாசி வெளியேறிவிட்டால், பவளம் பளிச்சென்று வெளுத்து மிக அழகாக இருக்கும், பட்டினியும் கிடக்கும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 கோடைகளில் அப்படிப் பரவலாக வெளுத்தது. ஒரு பகுதி மீண்டது, ஒரு பகுதி செத்தது.

இறங்கிய கரை படத்தில் பார்த்த மாதிரியேதான் இருந்தது. வெள்ளை. ஆனால் வெறுங்காலில் நடக்க முடியவில்லை. ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தேன். மெரினா மணலைப் போல ஆறு அரைத்துக் கொண்டுவந்த கல் அல்ல இது. விரலின் ஒரு கணு அளவு பவளக் கிளை முறிந்து, முனை மழுங்கிக் கிடந்தது. அதன் மேல் ஊசியால் குத்தியது போன்ற குழிகள் வரிசையாக. ஒவ்வொரு குழியிலும் ஒரு உயிர் வாழ்ந்திருக்கிறது. பக்கத்தில் சிப்பி உடைந்த சில்லு, கடல் முள்ளெலியின் முள், புழு கட்டிய சுண்ணாம்புக் குழாய், சுண்ணாம்பு படிந்த பாசித் துண்டு. உள்ளங்கையில் இருந்ததில் ஒன்றுகூடக் கல் இல்லை. பேய்நண்டுகள் எங்களைப் பார்த்ததும் வளைக்குள் ஓடின. கரையோரப் புதரடியில் அறுந்த நைலான் வலை, தெர்மகோல் துண்டு, ஒற்றைச் செருப்பு, சிங்கள எழுத்துப் போட்ட ஒரு பாட்டில். கூட வந்த வனக் காவலர் பாட்டிலை எடுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டார்.

எங்களுடன் வந்த ஒருவர், கோயம்புத்தூர்க்காரர், கைகளை விரித்து நின்று, “மனுசன் கால் படாத இடம்ங்க” என்றார். அதை வீடியோவிலும் சொன்னார். அவர் நின்ற இடத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் பழைய ஆய்வுக்கூடக் கட்டடம் இருக்கிறது.

உண்மையில், தமிழ்நாட்டில் இத்தனை வகை மனிதர்களின் கால் பட்ட சிறு தீவு இன்னொன்று இருக்குமா என்பதே சந்தேகம். மொத்தம் 66 ஹெக்டேர் பரப்பளவுக்குள் அடங்கும் இந்த இடத்தை ஒரு காலத்தில் உயிரியலாளர்களின் சொர்க்கம் என்றே எழுதினார்கள். சென்னை மாகாணத்தில் மீன்வளத்துக்கென்று தனி அமைப்பு 1907இல் பிரெடரிக் நிக்கல்சன் முயற்சியில் உருவானது. அதில் அவருக்குப் பின் வந்த ஜேம்ஸ் ஹார்னெல், சங்கையும் முத்துச்சிப்பியையும் படகுகளையும் பற்றி ஆயுள் முழுக்க எழுதியவர். அந்தத் துறைதான் குருசடையில் கடல் உயிரியல் நிலையம் வைத்து, முத்துச்சிப்பியை வளர்த்துப் பார்த்தது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த கிரேவ்லி, சகாக்களோடு சேர்ந்து குருசடைக் கரையோர உயிர்களைக் கணக்கெடுத்தார். அது 1927இல் அருங்காட்சியகத்தின் வெளியீடாக வந்தது. கடற்பஞ்சிலிருந்து நண்டு வரை வகை வகையாகப் பட்டியல். ஒரு சின்னத் தீவின் கரைக்கு ஒரு முழுப் புத்தகம். எழும்பூருக்குப் போகிறவர்கள் இன்று திமிங்கல எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர் ஒருவர் இருக்கிறார். குருசடைக்குப் போய்வந்தேன் என்றதும் அவர் முதலில் கேட்டது தீவைப் பற்றியல்ல.

“பலனோகிளாசஸ் கிடைச்சுதா தம்பி?”

எனக்கு அது என்னவென்றே தெரியவில்லை. அவர் விளக்கினார். மணலுக்குள் வளை தோண்டி வாழும், புழு போன்ற மெத்தென்ற உயிர். முதுகெலும்பு இல்லாதவற்றுக்கும் உள்ளவற்றுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது என்பதால் விலங்கியல் பாடத்தில் அதற்குத் தனி மரியாதை. குருசடை மணல் அதற்குப் பேர்போனது. 1970களில் அவர் மாணவராக இருந்தபோது வகுப்பே மண்டபத்துக்கு ரயிலேறிப் போய், அங்கிருந்து படகில் தீவுக்குப் போயிருக்கிறது. நீர் வற்றும் நேரம் பார்த்து இறங்கி, மணலில் பற்பசை பிதுக்கியது போலச் சுருண்டு கிடக்கும் எச்சத்தைத் தேடி, அதற்குக் கீழே மெதுவாகத் தோண்டவேண்டும். அவசரப்பட்டால் உயிர் துண்டாகிவிடும். “கையில எடுத்தா அய்டோஃபார்ம் வாடை வரும். ஆஸ்பத்திரி வாடை. ரெண்டு நாளைக்குப் போகாது. அந்த வாடையோடதான் சாப்பிட்டோம்.” சொல்லும்போதே விரல்களை மோந்து பார்த்துக்கொண்டார்.

பிறகு சொன்னதையும் எழுதவேண்டும். “பவளத்தைச் சுத்தியல் வச்சுத்தான் உடைச்சோம். ஆளுக்கு ஒரு துண்டு. ஃபார்மலின் பாட்டில்ல நட்சத்திர மீன், கடல் அட்டை, கடல் குதிரை. ஒவ்வொரு காலேஜும் வருசா வருசம் வந்து எடுத்துட்டுப் போகும். அப்ப அது பாடம். இப்ப அதுக்குக் கேஸ் போடுவாங்க.” அவர் சொன்னது சரி. 2001இல் பவளம், கடல் அட்டை, கடல் குதிரை எல்லாம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குப் போய்விட்டன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு.

சுத்தியல் மாணவர்களாவது ஆளுக்கு ஒரு துண்டு எடுத்தார்கள். இந்தக் கடலில் பவளத்தை வெட்டி எடுப்பது ஒரு தொழிலாகவே நடந்தது. கடப்பாரையால் பெயர்த்து, படகில் ஏற்றி, கரையில் சூளை வைத்துச் சுண்ணாம்பாக்கினார்கள். ஆலைகளுக்கும் போனது. வீடு கட்டுவதற்கும் அதுவே கல். தனுஷ்கோடியில் புயலுக்குத் தப்பி நிற்கும் மாதாகோயில் சுவரைக் கிட்டே போய்ப் பார்த்தால் தெரியும். செல்ஃபி எடுக்கிறவர்கள் சாய்ந்து நிற்கும் அந்தக் கல்லில், உப்புக் காற்று சாந்தை அரித்த இடங்களில், பூ வைத்துப் பதித்த மாதிரி வட்ட வட்டமாகக் கோடுகள். அந்தச் சுவர் முழுக்கக் கடலில் வளர்ந்தது.

பவளத்தைப் பெயர்த்தால் பவளம் மட்டும் போவதில்லை. அலை முதலில் பாரில் மோதி, பாதி வேகம் இழந்து, பிறகுதான் தீவின் கரைக்கு வருகிறது. பார் போனால் அலை நேராகத் தீவின் மேல் விழும். தீவோ இறுகிய பாறை அல்ல. பவளச் சல்லியும் மணலும் சேர்ந்த ஒரு மேடு. தூத்துக்குடிக்குப் பக்கத்தில் விலாங்குசல்லியும் கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டியும் இப்படித்தான் தண்ணீருக்கடியில் போயின. தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரை 21 தீவுகள் என்று இன்றும் எல்லாப் பலகையிலும் எழுதியிருக்கிறது. அதில் இரண்டின் மேல் இப்போது மீன் ஓடுகிறது. தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவு கரைந்துகொண்டே வந்ததைப் பார்த்துச் செயற்கைப் பாறைகளைச் செய்து கடலில் இறக்கினார்கள். பார் சும்மா செய்துகொண்டிருந்த வேலையை சிமெண்டில் வார்த்துக் கொடுக்கவேண்டியதாகிவிட்டது.

ஆகவே 1986இல் இந்த 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரைத் தேசியப் பூங்காவாக அரசு அறிவித்ததில் எனக்கு ஆட்சேபம் ஒன்றுமில்லை. 1989இல் இன்னும் பெரிய வட்டம் போட்டு உயிர்க்கோளக் காப்பகம் என்றார்கள். காகிதத்தில் வந்தது கரைக்கு வர நாளாயிற்று. 2000களின் தொடக்கத்தில்தான் கெடுபிடி. அதற்குப் பிறகுதான், அந்தக் கோயம்புத்தூர்க்காரர் பார்த்து மகிழ்ந்த ஆளின்மை குருசடைக்கு வந்தது. அது அங்கே ஆதியிலிருந்து இருந்ததல்ல. ஆட்களை வெளியே நிறுத்தி உண்டாக்கியது.

யார் அந்த ஆட்கள்? தீவுகளின் பெயர்ப் பட்டியலே பாதிப் பதில் சொல்லும். வேம்பார்ப் பக்கத்தில் ஒரு தீவு உப்புத்தண்ணி, இன்னொன்று நல்லதண்ணி. எங்கே தோண்டினால் குடிக்கக் கிடைக்கும் என்று தெரிந்துவைத்துக்கொண்டு, இரவு தங்கி, மீன் காயப்போட்டு, சங்கு குளித்துத் திரும்பியவர்கள் வைத்த பெயர்கள் இவை. மண்டபம் பக்கத்துத் தீவுகளைச் சுற்றி அதிகம் புழங்கியவர்கள் பெண்கள். பாம்பனை அடுத்த சின்னப்பாலம் போன்ற ஊர்களிலிருந்து பாசி எடுக்க வந்தவர்கள்.

கடற்பாசி என்பது நம் வீடுகளுக்குத் தெரியாமல் வந்துபோகிற பொருள். ரம்ஜான் மாதத்தில் இஸ்லாமியர் வீடுகளில் பால் ஊற்றிக் காய்ச்சி வில்லைகளாக வெட்டி வைப்பார்களே, அது இந்தப் பாசியிலிருந்து வந்த அகர்தான். ஐஸ்கிரீமிலும் ஜெல்லியிலும் இருப்பது பலருக்குத் தெரியும். தாம்பரத்து லேப் ஒன்றில் தொண்டைச் சளியைக் கொடுத்து, என்ன கிருமி என்று ‘கல்ச்சர்’ செய்யச் சொன்னால், அந்தக் கிருமியை வளர்க்கும் தட்டில் இருப்பதும் அகர். மதுரைப் பக்கம் அகர் காய்ச்சும் ஆலைகள் இருக்கின்றன. அவற்றுக்கு மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி என்ற பாசி வகைகள் இந்தப் பெண்கள் பிடுங்கிக் கொடுத்துத்தான் போயிற்று.

தீவிலிருந்து திரும்பிய மத்தியானம் சின்னப்பாலத்துக்குப் போனேன். வேப்பமரத்தடியில் பாசி காய்ந்துகொண்டிருந்தது. பச்சையாக இருக்கும்போது வழுவழுப்பாகவும் காய்ந்ததும் முறுகிய நரம்பு போலவும் ஆகிவிடுகிறது. ஒரு மூட்டை ஈரப் பாசி காய்ந்தால் ஒரு மடிக்குள் அடங்கிவிடும். அதைத் தட்டிக்கொண்டிருந்த அக்காவுக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். ஆறேழு வயதில் அம்மாவோடு இறங்க ஆரம்பித்தாராம். விரல்களைக் காட்டச் சொல்லவில்லை, அவராகவே காட்டினார். நகக்கண்களில் வெட்டுத் தழும்புகள் ஒன்றின் மேல் ஒன்றாக. பாசி பாறையில் வேர்விட்டாற்போல ஒட்டியிருக்கும், பாறை கத்தி மாதிரி இருக்கும். விரல் விரலாகப் பழந்துணியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு, சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டு, கண்ணில் கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்க வேண்டும். இடுப்பில் கட்டிய பையில் பாசி சேரும். “வெயில் நேரத்துல மேல எரியும், உள்ள குளிரும்” என்றார். வீட்டுக்கு வந்தால் காது இரைச்சல் அடங்க நேரமாகுமாம்.

இந்தப் பெண்கள் சட்டத்தோடு பேரம் பேசக் கற்றுக்கொண்ட கதை தமிழ்நாட்டில் சரியாக எழுதப்படவில்லை. தீவுகளுக்கு வந்தால் பிடிப்பார்கள், பாசியைக் கொட்டிவிடுவார்கள், அபராதம் விழும் என்று ஆனபோது, ஊர் ஊராகக் கூடி அவர்களே சில கட்டுப்பாடுகளை விதித்துக்கொண்டார்கள். இரும்புத் தகடு வைத்துச் சுரண்டுவதில்லை, கையால்தான் பிடுங்குவது. மாதத்தில் 12 நாள் மட்டும் இறங்குவது. மீன் இனப்பெருக்கக் காலத்தில் 45 நாள் இறங்குவதே இல்லை. பாசியை வேரோடு எடுக்காமல் விட்டால் திரும்பத் தழைக்கும் என்பது அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதல்ல. இந்த முயற்சியில் முன்னால் நின்ற சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி பரிசு கிடைத்தது. உலகத் தீவுகளின் சூழலைக் காக்கிறவர்களுக்காக அமெரிக்காவில் கொடுக்கப்படும் பரிசு. தீவைக் காத்ததற்காகப் பரிசு. தீவில் கால்வைத்தால் வழக்கு.

இதற்கு ஒரு கிளைக்கதை உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் எல்லாம் சுலபமாக விளங்கிவிட்ட மாதிரி ஆகிவிடும். தீவுக்கு வராமல் கரையிலேயே பிழைக்க வழி என்று இந்தப் பெண்களுக்கு ஒரு வெளிநாட்டுப் பாசி கொடுக்கப்பட்டது. அறிவியல் பெயர் கப்பாஃபைகஸ். மூங்கில் மிதவையில் கயிறு கட்டி, கயிற்றில் துண்டு துண்டாகச் சொருகிவிட்டால் ஒன்றரை மாதத்தில் கொழுகொழுவென்று வளரும். 2000களில் ஒரு குளிர்பானக் கம்பெனி இதில் இறங்கி மகளிர் குழுக்களோடு ஒப்பந்தம் போட்டதால், ஊரில் அதற்குப் பெப்சி பாசி என்றே பேராகிவிட்டது. வருமானமும் வந்தது. முங்க வேண்டாம், விரல் கிழியாது. ஆனால் அந்தப் பாசியின் துண்டுகள் மிதந்துபோய், 2008இல் குருசடைப் பாரில் உயிர்ப்பவளத்தின் மேல் போர்வையாகப் படர்ந்திருந்ததை மதுரைத் தியாகராசர் கல்லூரி ஆய்வாளர்கள் கண்டு எழுதினார்கள். அடியில் வெளிச்சம் படாமல் பவளம் செத்துக்கொண்டிருந்தது. பிறகு ஆள் வைத்துக் கையால் பிடுங்கிப் பிடுங்கி எடுத்தார்கள், மிச்சம் தழைத்தது, திரும்பப் பிடுங்கினார்கள். தீவைக் காப்பதற்கென்று கையால் பிடுங்கிய பெண்களை விலக்கி, அந்த மாற்றுத் தொழிலின் மிச்சத்தைக் கையால் பிடுங்க வேறு ஆட்களை அனுப்பிய கணக்கை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியவில்லை. இப்போது ராமநாதபுரம் மாவட்டத்தில் வளமாவூரில் 127 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்கா வருகிறது. பாசிக்கு நல்ல காலம்தான்.

இவ்வளவையும் சொல்லி, வேலியைப் பிடுங்கிப் போடுங்கள் என்று முடித்தால் எனக்குக் கைதட்டல் கிடைக்கலாம். ஆனால் நான் குடியிருப்பது சேலையூரில். கிழக்குத் தாம்பரத்தில், வேளச்சேரிச் சாலைப் பக்கம், கிறிஸ்தவக் கல்லூரியின் மதிலுக்குள் 365 ஏக்கர் புதர்க்காடு இருக்கிறது. 1937இல் கல்லூரி பாரிமுனைப் பக்கத்திலிருந்து இங்கே குடிவந்தபோது கிடைத்த காட்டு நிலம் அது. எட்வர்ட் பார்ன்ஸ் என்ற வேதியியல் பேராசிரியர், தொழில் வேதியியலாக இருந்தாலும் மனசு செடிகொடியில் இருந்தவர், அதில் மரம் வளர்த்தார். இன்றும் உள்ளே புள்ளிமான் இருக்கிறது. மதிலுக்கு வெளியே? சேலையூர் ஏரியைச் சுற்றி, செம்பாக்கம் ஏரியைச் சுற்றி, ராஜகீழ்ப்பாக்கம் வரை பட்டா வாங்கியும் வாங்காமலும் நாங்கள் வீடு கட்டினோம். 2015 டிசம்பரில் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடிவந்தபோது மொட்டைமாடியில் நின்று அரசாங்கத்தைத் திட்டினோம். வேலி போட்ட இடம் காடாக இருக்கிறது, வேலி போடாத இடத்தில் நான் இருக்கிறேன். அதனால் குருசடைக்கு வேலி எதற்கு என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. வேலிக்கு வாசல் எங்கே வைத்தார்கள், அதில் யாரை முதலில் விட்டார்கள் என்பதைத்தான் கேட்க முடிகிறது.

வாசல் எனக்குத் திறந்தது. நான் ரயிலேறி வந்த வெளியூர்க்காரன், பாருக்கும் நீரோட்டத்துக்கும் புதியவன், பலனோகிளாசஸ் என்றால் என்னவென்று திரும்பி வந்து கேட்டுத் தெரிந்துகொண்டவன். டிக்கெட் வாங்கினேன், உயிர்காப்பு உடை மாட்டினேன், தீவில் நடந்தேன், போட்டோ எடுத்தேன். பெரிய கெடுதல் ஒன்றும் செய்துவிடவில்லை. படகோட்டிக்கும் காவலருக்கும் இதில் ஒரு வருமானம் இருக்கிறது, இருவரும் உள்ளூர்க்காரர்கள், அது நல்லது. ஆனால் அந்தப் பாரின் எந்தப் பக்கம் நீரோட்டம் இழுக்கும், எந்த மாதம் எந்தப் பாசி தழைக்கும், வெளுப்பு முதலில் எங்கே தொடங்கியது, ஆவுளியா என்னும் கடற்பசு புல் மேய எப்போது வரும் என்று பார்த்துவைத்திருப்பவர்கள் கரையில் நிற்கிறார்கள். பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் ஆவுளியாவுக்கென்று ஒதுக்கியபோது, அதன் வரவைப் பற்றி மீனவர்களைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்கத் தெரிந்தவர்களுக்குக் கூட்டிப்போகவும் தெரிந்தால் என்ன? கண்ணாடிப் படகில் விளக்கம் சொல்ல ஒரு பாசி எடுக்கும் பெண்ணை உட்காரவைத்தால், அன்று படகில் இருந்த எங்கள் அத்தனை பேருக்கும் பார்த்தது என்னவென்று புரிந்திருக்கும்.

இதை அந்த அக்காவிடமே சொன்னேன். அவர் பாசியைத் தட்டுவதை நிறுத்தவில்லை.

“டிக்கெட்டு எவ்வளவுண்ணே குடுத்தீங்க?”

சொன்னேன்.

“அந்தக் காசை நாங்க கட்டுனா எங்களையும் எறக்கி விடுவாங்களா?”

பக்கத்தில் மூட்டையைத் தைத்துக்கொண்டிருந்த இன்னொரு பெண் முந்திக்கொண்டார். “எறக்கி விடுவாங்கடி. திரும்பி வரையில பையைச் சோதிப்பாங்க.”

இருவரும் சிரித்தார்கள். மறுநாள் அவர்களுக்கு இறங்கும் நாள், ஆகவே எட்டு மணிக்கெல்லாம் படுத்துவிடுவோம், பேச வேண்டுமென்றால் இறங்கும் நாட்கள் முடிந்து வாருங்கள் என்று சொல்லி என்னை அனுப்பிவைத்தார்கள்.